இருபத்தாறு பேர் துணி

அந்த இல்லத்தில் அவரை எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே அவர் பார்த்தது துணி துவைக்கிற வேலை. பெயர் மட்டும் பழைய இடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், டியூப் லைட்டுக்குக் கீழே நின்றபடி, தைத்து வரும் சட்டைகளை உள்ளும் வெளியுமாகத் திருப்பிப் பார்த்தவர். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் கண்ணுக்குத் தப்பிய பீஸ் கிடையாது என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது.

தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாமல் கணவரின் சட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, நன்றாக இருந்த பொத்தான்களையே மறுபடி இறுக்கித் தைத்தார். பள்ளி வேன் ஓட்டும் கணவருக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த தன் தங்கையிடம் சொன்னார்.

"உங்க இல்லத்துல ஏதாவது வேலை இருந்தா அண்ணிய கூட்டிட்டு போம்மா. இன்னும் ஒரு வாரம் விட்டா என்னையும் சேத்து தச்சிருவா."

நாத்தனார் அந்த இல்லத்தில் பதினைந்து வருஷமாக மேற்பார்வையாளர். ஆட்டிசம் உள்ளவர்களும், வேறு விதங்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுமாக இருபத்தாறு பேர் அங்கே தங்கியிருந்தார்கள். எல்லோரும் வயது வந்தவர்கள். பாதிப் பேருக்குத் தலையில் நரை விழுந்தாயிற்று. ஆனாலும் வேலை செய்பவர்கள் வாயில் அவர்கள் 'பசங்க'தான். "பசங்க சாப்பிட்டாச்சா, பசங்க தூங்கியாச்சா" என்றுதான் கேட்பார்கள்.

துணி அறை கட்டிடத்தின் பின்பக்கம். இரண்டு மெஷின், ஒரு டிரையர், இஸ்திரி மேஜை, மேலே ஒரு கம்பிவலை ஜன்னல். முதல் நாள் நாத்தனார் மூன்று பெரிய கூடைகளைக் காட்டினார். சிறியது, நடுத்தரம், பெரியது. துவைத்துக் காய்ந்ததும் அளவு பார்த்து மூன்றில் ஒன்றில் போட வேண்டும். காலையில் பராமரிப்பாளர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். கைக்கு எது வருகிறதோ அது அன்றைக்கு ஒருவருக்குச் சட்டை.

"உள்ளாடையுமா?" என்று அக்கா கேட்டார்.

"எல்லாந்தான் அண்ணி. இருபத்தாறு பேருக்குக் காலைல ரெண்டே ஆள். இது யாருது, அது யாருதுன்னு பாத்துட்டு நின்னா மத்தியானம் ஆயிரும்."

அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கூடைகளைச் சுவரோரம் நகர்த்தினார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அதுவும் வீட்டில் தன்னை அண்ணி என்று கூப்பிடுகிறவரை, நாலு பேர் இருக்கும்போது மேடம் என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்த நாள். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரின் பனியனை மடிக்கும்போது கை நின்றுவிட்டது. 'இது இவருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று யோசித்தார். கழுத்து தளர்ந்திருக்கிற விதத்தில் தெரியும். வலது தோளில் சீட் பெல்ட் தேய்த்த கறையில் தெரியும். அந்த இருபத்தாறு பேர் துணியில் அப்படி ஒருவர் உடம்பும் பதிந்திருக்கவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து அவர் கண் பழைய வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. கிழிந்த துணிகள் தனியாக ஒரு கூடையில் வரும். வாரத்துக்கு மூன்று, நான்கு சட்டை. எல்லாம் ஒருவர் கிழித்தவை. முப்பத்துநாலு வயது, இல்லத்துக்கு வந்து பதினொரு வருஷம், பேச்சு கிடையாது, ஒல்லியான ஆள். பணியாளர்கள் வைத்த பட்டப்பெயர் 'கிழிசல்'. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள், கெட்ட எண்ணத்தோடு இல்லை, பழக்கத்தில். அப்படிக் கூப்பிட அக்காவுக்கு வாய் வரவில்லை. அவர் தம்பி என்றே கூப்பிட்டார்.

அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருந்தது. 'சட்டை கிழித்தல். கோபம்.' ஒவ்வொரு தடவையும் இதே இரண்டு வார்த்தை. மாதம் ஒருமுறை வரும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுப்பார். மதியம் ஒரு மாத்திரை இருந்தது இரண்டாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி நாற்காலியிலேயே வாய் திறந்து தூங்கிவிடுவார். அது அக்காவுக்குத் துணியிலேயே தெரிந்தது. முன்பெல்லாம் அவருடைய தலையணை உறையில்தான் எச்சில் கறை இருக்கும். இப்போது அவர் கிழித்த சட்டைகளின் கழுத்திலும் இருந்தது.

கிழிந்த சட்டைகளை மேஜையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தார். கோபத்தில் கிழிக்கிறவர் எங்கே வேண்டுமானாலும் கிழிப்பார். முன்பக்கம் கிழிப்பார், கையைப் பிய்ப்பார். இவை எல்லாம் இரண்டே இடத்தில் கிழிந்திருந்தன. ஒன்று பின்கழுத்து, மற்றது இடது விலாப் பக்கம். விலாப் பக்கம் என்றால் துவைக்கும் விதம் அச்சடித்த சின்ன லேபிள் வைத்துத் தைக்கிற இடம். பின்கழுத்தில் கம்பெனி லேபிள். சில சட்டைகளில் லேபிளே கிழிந்து வந்திருந்தது, வேரோடு பிடுங்கியது மாதிரி.

இருந்தும் அவர் உடனே வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த டி-ஷர்ட் வந்தது. நீலக் கலர், நடுத்தரம். கிழியவில்லை. நெஞ்சில் குழம்புக் கறை. கறையைத் தேய்க்க எடுத்தபோதுதான் கவனித்தார், கறை உள்பக்கத்தில் இருந்தது. வெளிப்பக்கத்தில் லேசாக ஊறியிருந்ததே தவிர, கொட்டியது உள்பக்கம். அதாவது இதைப் போட்டவர் உள்ளே வெளியே மாற்றிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருந்திருக்கிறார்.

பகல் ஷிஃப்ட் பராமரிப்பாளரிடம் போய்க் கேட்டார்.

"நேத்து நீல டி-ஷர்ட் யாரு போட்டிருந்தாங்க?"

"கிழிசல்தான். ஏன்க்கா? மாத்தி போட்டு விட்டுட்டேன், சாப்பிடும்போதுதான் பாத்தேன். சாப்பிட்டதும் தூங்கிட்டான், சரி எழுப்புவானேன்னு விட்டுட்டேன்."

"கிழிக்கலையே."

அவர் யோசித்தார். "ஆமா. நேத்து சத்தமே இல்ல."

உள்ளே வெளியே மாறினால் லேபிளும் தையல் முடிச்சும் வெளியே போய்விடும். உடம்பில் படுவது வழவழப்பான பக்கம். அக்கா அன்று மதியமே பிளேடை எடுத்து நான்கு சட்டைகளில் லேபிளைத் தையலோடு பிரித்து எடுத்தார். நைலான் நூல் நீட்டிக்கொண்டிருந்த இடங்களைப் பிரித்துப் பருத்தி நூலால் தட்டையாகத் தைத்தார். அவற்றைத் தம்பிக்கே போடச் சொல்லிப் பராமரிப்பாளரிடம் கொடுத்தார். நான்கு நாள் கிழியவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி கிழிந்த சட்டை வந்தது. எடுத்துப் பார்த்தால் வேறு சட்டை, லேபிள் வைத்தது. அக்கா பாடுபட்டுப் பிரித்த சட்டைகளில் ஒன்றை, தொந்தியும் தொப்பையுமாக இருந்த இன்னொருவர் இறுக்கிப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பொதுக் கூடை அதை விழுங்கிவிட்டது.

நாத்தனாரிடம் சொன்னார். நாத்தனார் சிரித்துவிட்டார்.

"லேபிளா? பதினஞ்சு வருஷமா நான் பாக்கறேன் அண்ணி. நீங்க வந்து மூணு மாசம் ஆகல."

"பாக்கறது சரிம்மா. நீ ஆள பாக்கற. நான் சட்டைய பாக்கறேன்."

"எனக்கு இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல" என்று போய்விட்டார். போகிற அவசரத்தைப் பார்த்தால் அது சாக்காகவும் தெரியவில்லை.

சரி, குறைந்தது தம்பியின் சட்டைகளையாவது தனியாகக் காட்ட ஓர் அடையாளம் தைப்போம் என்று அக்கா நூல் டப்பாவைத் திறந்தார். அதைச் செய்தி பார்த்துவிட்டார்.

செய்தி என்பது நாற்பது வயதுப் பெண் ஒருவரின் பட்டப்பெயர். இல்லத்தில் நடப்பதை எல்லாம் ஒவ்வொரு அறையாகப் போய் அறிவிப்பதால் வந்தது. "மழை வருது. ரெண்டாவது பாத்ரூம் ரிப்பேர். சமையல்காரர் லீவு. வேற ஒண்ணுமில்ல." அன்று அவர் துணி அறை வாசலில் நின்று நூலையும் ஊசியையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எனக்கு?"

"உங்களுக்கும் வேணுமா? என்ன அடையாளம் தைக்கணும்?"

செய்தி யோசிக்கவே இல்லை. "வாய்."

சிவப்பு நூலில் ஒரு கவுனின் ஓரத்தில் அக்கா சின்னதாக வாய் தைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் துணி அறை வாசலில் ஏழு பேர் நின்றார்கள். செய்தி அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வரிசையா, வரிசையா" என்றார்.

அடுத்த இரண்டு மாதம் அக்காவின் மதிய நேரம் இதிலேயே போயிற்று. ஒருவர் பஸ் வேண்டும் என்றார். இரண்டு சிநேகிதிகள் ஒரே மாதிரி வேண்டும் என்றார்கள். எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதற்கு, "நாங்க பிரிச்சுக்குவோம்" என்று பதில் வந்தது. ஒருவர் கால்மணி நேரம் டப்பாவைக் கிளறி வெள்ளை நூலை எடுத்தார். தைக்க வேண்டியது வெள்ளைச் சட்டையில்.

"தெரியாதே" என்றார் அக்கா.

அவர் தலையை ஆட்டினார். அதுதான் வேண்டுமாம். தைத்துக் கொடுத்தார்.

தம்பியின் முன்னால் நூல்களைப் பரப்பியபோது, அவர் எல்லாவற்றையும் புறங்கையால் தள்ளிவிட்டார். மறுபடி வைத்தால் மறுபடி தள்ளினார். அக்காவுக்கு அப்புறம்தான் உறைத்தது. எதைத் தைத்தாலும் அதுவும் உடம்பில் உறுத்தத்தானே செய்யும். மற்ற இருபத்தைந்து பேர் துணிக்கும் அடையாளம் இருந்ததால், அடையாளமே இல்லாத சட்டை வந்தால் அது அவருடையது.

அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, துணி அறைச் சுவரில் இருபத்தாறு பெட்டிகள் செய்தார். சொல்லிக்கொடுக்காமலேயே சிலர் வந்து தங்கள் பெட்டியில் இருந்து தாங்களே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். சிலர் எடுப்பதற்கு மட்டுமல்ல, இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் வந்தார்கள்.

அப்போதுதான் செய்தி, ஆறிவிட்டது என்று நினைத்து இஸ்திரிப் பெட்டியைத் தொட்டார். இரண்டு விரல் நுனியில் கொப்புளம். மருந்து போட்டதும் அவர் முதல் வேலையாக எல்லா அறைக்கும் போய், "இஸ்திரி சுடும். கை போச்சு. வேற ஒண்ணுமில்ல" என்று அறிவித்துவிட்டார். சாயங்காலம் துணி அறைக் கதவுக்குப் பூட்டு வந்தது. இனி யாரும் உள்ளே வரக் கூடாது. பழையபடி மூன்று கூடை.

"நாளைக்கு மெஷின்ல கை விட்டா யாரு பதில் சொல்றது? நான்தான் சொல்லணும்" என்றார் நாத்தனார். அதில் தப்பு இருப்பதாக அக்காவாலும் சொல்ல முடியவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்ளவில்லை. "தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்று ஒருவர், "வேணாம்னு சொல்லுண்ணா" என்று இன்னொருவர். கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கொடியில கிளிப் போட்ட மாதிரி நடுவுல தொங்க விட்டுட்டீங்களே என்னை" என்றார்.

பத்து நாள் இப்படியே போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டில் இரண்டு பராமரிப்பாளர்களுமே காய்ச்சல் என்று வரவில்லை. நாத்தனாரிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது.

"அண்ணி, கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா. நான் மட்டுந்தான் இருக்கேன்."

அக்கா போய்ச் சேர்ந்தபோது நாத்தனார் தலை கூட வாராமல், கூடையும் கையுமாக நடைபாதையில் நின்றிருந்தார். அக்கா சாவியை வாங்கித் துணி அறையைத் திறந்து, அட்டைப் பெட்டிகளைச் சுவரிலிருந்து கழற்றி, நடைபாதையில் வரிசையாகக் கொண்டுவந்து வைத்து, மற்ற கூடைகளில் இருந்த துணியை அடையாளம் பார்த்து அவற்றில் பிரித்துப் போட்டார். மெஷினும் இஸ்திரியும் உள்ளேயே இருந்தன, பெட்டிகள் மட்டும் வெளியே. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும்.

பதினொரு பேர் தாங்களே எடுத்துத் தாங்களே உடுத்திக்கொண்டார்கள். செய்தி மேல்மாடிக்குப் போய் ஆட்களை அனுப்பினார். நாத்தனார் கூடையிலிருந்து கைக்கு வந்த ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனார். தம்பி கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார். தொண்டையில் ஒரு சத்தம் ஆரம்பித்தது.

"அத குடு" என்று அக்கா அதை வாங்கிக்கொண்டு, அடையாளம் இல்லாத சட்டை ஒன்றை அவர் மடியில் வைத்தார். தம்பி அதன் பின்கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். விலாப் பக்கம் தடவினார். பிறகு தலையை உள்ளே விட்டு, ஒரு கை, மறு கை என்று தானே போட்டுக்கொண்டார்.

நாத்தனார் பதினொரு வருஷமாக அவருக்குச் சட்டை போட்டுவிட்டவர், போட்டுவிடச் சொன்னவர். தம்பிக்குத் தானே சட்டை போடத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அப்புறம் அடுத்தவரைப் பார்க்கப் போனார்.

டாக்டர் வரும் சனிக்கிழமை, நாத்தனார் துணி அறைக்கு வந்து, "அந்தக் கிழிஞ்சதெல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கழித்த பீஸைத் தூக்கிப் போடும் பழக்கம் அக்காவுக்கு இல்லை. முப்பத்தொரு சட்டை இருந்தது. நாத்தனார் ஆறு சட்டைகளை எடுத்துக்கொண்டு, "நீங்களும் வாங்க" என்றார்.

டாக்டர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "இந்த மாசம் குறைஞ்சிருக்கே. மாத்திரை வேலை செய்யுது" என்றார்.

"மாத்திரை இல்ல டாக்டர்" என்றார் நாத்தனார். சட்டைகளை மேஜையில் வைத்தார். "இந்த லேபிள். உறுத்தியிருக்கு. சொல்லத் தெரியல, கிழிச்சிருக்காரு. நான்தான் கோபம்னு எழுதிட்டே வந்திருக்கேன்."

அவன் என்று சொல்லி வந்தவர் வாயில் 'கிழிச்சிருக்காரு' என்று மரியாதை வந்ததை அக்கா கவனித்தார்.

டாக்டர் ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் தன் பின்கழுத்துக்குப் போய் வந்தது. அவர் எதிர்த்துப் பேசவில்லை. உடனே நிறுத்த முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், வாரா வாரம் எழுதிவையுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் நாத்தனார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு வருஷம் அண்ணி. என் கையெழுத்து."

"நானும் ரெண்டு மாசம் கிழிஞ்சத எண்ணிக்கிட்டு வாய மூடிட்டுதான் இருந்தேன்" என்றார் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்தார். "டீ குடிச்சியா?" என்று கேட்டார்.

மாத்திரை குறையக் குறைய எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மதியம் தூங்கிக்கொண்டிருந்த தம்பி விழித்துக்கொண்டார். விழித்தவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இல்லத்தில் உள்ள எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க எழுப்பி விட்டுட்டீங்க, நாங்க துடைச்சிட்டு திரியறோம்" என்று பராமரிப்பாளர்கள் அக்காவிடம் குறைபட்டார்கள். மதிய ஷிஃப்டுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று நாத்தனார் நிர்வாகத்துக்கு எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். ஆள் வர ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை அக்கா, துணி அலசும் தொட்டியை வெளி முற்றத்தில் போட்டு, தம்பியை அங்கே அழைத்துப்போவார். அவர் அலசுவார் என்று இல்லை. தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நிற்பார். சில நாள் பிழிவார். பிழிந்தால் ஒரு சொட்டு மிச்சம் இருக்காது.

அட்டைப் பெட்டிகளுக்குப் பதிலாகத் தச்சரை வைத்து மரத்தில் அலமாரி அடித்தார்கள். 'பசங்க' என்ற வார்த்தை மட்டும் இன்னும் போகவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மேல்மாடி மூலை அறையில் இருந்த ஒருவர் நெஞ்சுச்சளி அதிகமாகி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஐம்பத்தெட்டு வயது. அவருடைய உடன்பிறந்த தம்பி வெளியூரிலிருந்து வந்தார். ஒன்பது வருஷம் கழித்து வருகிறார். எல்லாம் முடிந்த பிறகு, அலுவலகத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணனோட சாமான் ஏதாவது இருக்கா?"

முன்பு என்றால் நாத்தனார் இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அக்காவைக் கூப்பிட்டார். அக்கா அவருடைய அலமாரித் தட்டில் இருந்ததைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான்கு சட்டை, மூன்று பேன்ட், ஒரு ஸ்வெட்டர். ஓரத்தில் பச்சை நூலில் ஒரு நாற்காலி.

"இது என்னது?"

"அவரே கேட்டு வாங்கினது. ஜன்னல்கிட்ட ஒரு நாற்காலி உண்டு, அதுலதான் உக்காருவாரு. வேற யாரையும் உக்கார விடமாட்டாரு."

அந்த மனிதர் நூலைத் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். அப்புறம் ஸ்வெட்டரை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றதை யாருக்காவது கொடுங்கள் என்றார்.

அக்கா மிச்சத் துணியைத் துணி அறைக்கு எடுத்துப்போய், நூலைப் பிரிக்க ஊசியை எடுத்தார். வாசலில் நிழல் ஆடியது. இறந்தவரோடு அதே அறையில் இருந்தவர் வந்து நின்றிருந்தார். அவருக்கு ஓரிரு வார்த்தைதான் வரும். ஒரு சட்டையைக் காட்டினார்.

"எனக்கு."

"எடுத்துக்குங்க. ஒரு நிமிஷம், இத பிரிச்சிட்டு உங்க அடையாளத்த தச்சு குடுக்கறேன்."

அவர் சட்டையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம்" என்றார்.

அக்கா ஊசியை டப்பாவில் வைத்து மூடிவிட்டார். அவர் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நடைபாதையில் போவதைப் பார்த்துவிட்டு, நின்றுபோன மெஷினைத் திறந்து ஈரத்துணியை எடுக்க ஆரம்பித்தார்.